சலவைக்கடைப் பூனையின் எடை

1987ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணிக்கு, சலவைக்கடையின் மேல்மாடி நடு அறையில் படுத்திருந்த பூனையைத் தூக்க நான்கு ஆண்கள் முயன்று தோற்றனர். அவர்களுள் இருவர் சரக்குக் கிடங்கில் மூட்டை சுமப்பவர்கள். ஒருவர் இரும்புக் கடைக்காரர். நான்காமவர் நகரமன்றத்துக் கட்டட ஆய்வாளர். ஆய்வாளர் கை வைக்கவில்லை. எந்தப் பக்கம் கை வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பூனை பெரிய பூனை அன்று. சாம்பல் நிறமும், இடக்காதில் சிறு கிழிசலும், ஒட்டிய வயிறும் கொண்ட, எந்தத் தெருவிலும் காணக்கூடிய பூனைதான். நாளொன்றுக்கு ஒரு சிறு கிண்ணம் பாலும் இரண்டு துண்டு மீனும் அதன் உணவு. அன்று அதன் எடை, மரவிட்டம் கீழ்நோக்கி வளைந்திருந்த அளவைக் கொண்டு ஆய்வாளர் போட்ட கணக்கின்படி, துணி நிறைந்த மூன்று இரும்பு பீரோக்களின் எடைக்குச் சற்றுக் கூடுதல். இரும்புக் கடைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தபோது, பூனை ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மீண்டும் மூடிக்கொண்டது.

அந்த அறைக்கு நேர் கீழே கடையின் இஸ்திரி மேசை இருந்தது. மேசையின் முன் கடைக்கார அம்மாளின் கணவர் நாள் முழுவதும் நின்று வேலை செய்தார். விட்டம் முறிந்தால் பூனை வந்து விழக்கூடிய இடம் அவருடைய தலை. இதை ஆய்வாளர் சுண்ணாம்புக் கட்டியால் கீழ்த்தரையில் ஒரு வட்டம் போட்டு விளக்கினார். மாத இறுதிக்குள், அதாவது இருபத்தெட்டாம் நாள் சனிக்கிழமைக்குள், பூனையை அகற்ற வேண்டும். இல்லையேல் கட்டடம் பூட்டி முத்திரையிடப்படும் என்றார். அகற்றும் வழியையும் அவரே சொன்னார். பூனையைச் சுற்றித் தரைப்பலகையை அறுத்து, கீழே மணல் மூட்டைகளை அடுக்கி, பலகையோடு சேர்த்துப் பூனையைக் கீழே விட்டுவிடலாம்.

"பூனைதானேம்மா. எப்படிப் போட்டாலும் காலை ஊன்றி நின்னுக்கும்," என்றார்.

"தரை நிக்குமா சார்?" என்று கேட்டாள் அம்மாளின் மகள்.

ஆய்வாளர் விட்டத்துக்குக் கீழே ஒரு மரக்கழியை நிறுத்தி, அதன் நுனிக்கும் விட்டத்துக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விட்டு, அந்த இடைவெளி மூடினால் எல்லோரும் போட்டதைப் போட்டபடி தெருவுக்கு ஓடிவிட வேண்டும் என்று சொல்லிச் சென்றார். போகும்போது அவர் நீட்டிய எழுத்து உத்தரவை அம்மாள் கையில் வாங்கி, நான்காக மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, பையில் வைத்துக்கொண்டார். பலகை அறுக்க ஆள் அனுப்பட்டுமா என்று மாலையில் இரும்புக் கடைக்காரர் கேட்டபோது, "மாசம் முடிய நாள் இருக்கு," என்று மட்டும் சொன்னார். அந்தக் கட்டடம்தான் அவர்களுக்கு வீடு, அதுவே தொழில், வேறு இடம் கிடையாது. பலகையோடு கீழே தள்ளிப் பூனையைக் கொன்றால் வீடு நிற்கும், விட்டால் வீடு போகும் என்ற நிலையில் மாதம் தொடங்கியது.

அந்தக் கடையின் ஒழுங்கு அம்மாளால் ஏற்படுத்தப்பட்டது. தொங்கவிட்ட துணிகளின் கொக்கிகள் எல்லாம் ஒரே திசையை நோக்க வேண்டும். சட்டையின் கைகள் முதுகுப்புறம் மடிய வேண்டும். நீலம் போடும் தொட்டியில் ஒரு கை, கஞ்சித் தொட்டியில் மறு கை என்பது அங்கே மன்னிக்கப்படாத குற்றம். துணி கடையை விட்டுப் போகும் முன் அம்மாள் அதைத் தம் முன் விரித்து, கழுத்துப்பட்டையிலிருந்து கீழ்விளிம்பு வரை உள்ளங்கையால் ஒரே இழுப்பாகத் தடவிப் பார்ப்பார், பஞ்சோ நூலோ ஒட்டியிருந்தால் எடுப்பார், பிறகே கட்டுவார். இவை யாவும் மற்றக் கடைகளிலும் ஓரளவு உண்டு. மற்ற எந்தக் கடையிலும் இல்லாத விதி ஒன்று அங்கே இருந்தது. இஸ்திரி சூடாக இருக்கும்போது கொஞ்சல் கூடாது.

விதி பிறந்த வரலாறு சுருக்கமானது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மணப்பெண்ணின் வெள்ளை உடை அவசரமாக வந்தது. கணவர் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிரே கொதிகலனின் ஆவிக்கு நடுவே நின்று அம்மாள் மற்றொரு துணியை உதறிக்கொண்டிருந்தார். கணவர் நிமிர்ந்து பார்த்து, "இந்த ஆவிக்குள்ள உன்னைப் பாக்கறப்ப எனக்கு," என்று தொடங்கினார். அதற்குள் கருகல் நெடி வந்துவிட்டது. உடையின் மார்பில் அரசிலை அளவுக்கு ஒரு பழுப்புத் தழும்பு. அந்தத் திருமணம் வேறோர் உடையில் நடந்தது. மணப்பெண்ணின் தாயார் கடை வாசலில் நின்று சொன்னவற்றைத் தெரு முழுதும் கேட்டது. அன்று மாலை அம்மாள் விதியை அறிவித்தார். கணவர் விதிகளை மதிப்பவர். வாக்கியத்தை அத்தோடு விட்டுவிட்டார். முற்றுப்பெறாத எதையும் பொறுத்துக்கொள்ளாதவர் அம்மாள்; ஆயினும் மீதி என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் விதியை அவரே மீறியதாகும்.

விதியில் ஒரு நுணுக்கம் இருந்தது. அந்தக் கடையில் இஸ்திரி ஆறுவதே இல்லை. இஸ்திரிக்குச் சூடு தரும் கொதிகலன், விடியலில் மூட்டியது, அணைந்து ஆறுவதற்குள் மறுநாள் விடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வரும். ஆகவே விதி எந்நாளும் நடைமுறையில் இருந்தது. சமையலறையும் படுக்கையறைகளும் கடைக்கு மேலேயே இருந்தமையால் விதி மாடிப்படி ஏறி அங்கும் சென்றது. மூன்று வயதிலிருந்து மகள் இவ்விதியின்கீழ் வளர்ந்தாள். சைக்கிளில் துணி கொண்டுபோய்க் கொடுக்கும் அம்மாளின் தம்பியும் இதற்கு உட்பட்டவர். அவ்வீட்டில் யாரும் யாரையும் வெறுக்கவில்லை. சாப்பிட்டாயிற்றா, கதவைப் பூட்டியாயிற்றா, மூன்றாம் எண் மூட்டை போயிற்றா என்று பேசிக்கொண்டனர். அதற்கு மேல் பேச விதி இடம் தரவில்லை.

விதி வந்த பத்தாம் ஆண்டில், மழை பெய்த ஒரு பிற்பகலில், கொதிகலன் அறையின் புகைத்துளை வழியாகப் பூனை வந்தது. துணியில் முடி ஒட்டும் என்று அம்மாள் அதை மூன்று முறை வெளியே விட்டார். மூன்று முறையும் அது அவருக்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. வாடிக்கையாளர்களை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும் அதன் வழக்கத்தைக் கண்டு தம்பி அதற்கு 'மேனேஜரம்மா' என்று பெயரிட்டார். விதி வகுக்கப்பட்ட காலத்தில் அவ்வீட்டில் பூனை இல்லை. எனவே பூனையைக் கொஞ்சுவதை விதி தடுக்கவில்லை.

இந்த ஓட்டையை முதலில் கண்டுபிடித்தவர் கணவர். மாலை வேளைகளில், கல்லாவின் அருகே நின்று நின்று அம்மாளின் கால்கள் வீங்கியிருக்கும்போது, அவர் பூனையைப் பார்த்து, "என்ன மேனேஜரம்மா, காலு ரெண்டும் இப்படி வீங்கிப்போச்சே. கொஞ்ச நேரம் உக்காந்தா கடை எழுந்து ஓடியா போயிடும்?" என்பார். பூனை அப்போது படுத்துக்கொண்டிருக்கும். மகள் தேர்வில் தேறிய நாளில் தம்பி பூனையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இந்தத் தெருவுலயே மேனேஜரம்மாதான் புத்திசாலி. என்ன படிப்பு, என்ன படிப்பு," என்றார், பூனை எந்தத் தேர்வும் எழுதியிருக்கவில்லை. தம்பி மாடிப்படியில் இருமிக்கொண்டு ஏறும்போது மகள் பூனையிடம், "மருந்தை மறந்துட்டு ஊரைச் சுத்தினா இருமல் எப்படி நிக்கும், சொல்லு," என்பாள். இவ்வாறு ஒன்பது ஆண்டுகள் நடந்தன. உரியவர் உரியதைக் காதில் வாங்கிக்கொண்டு, ஒன்றும் கேளாதவர் போலத் தம் வேலையைப் பார்த்தார். ஆனால் சொல்லப்பட்டவை கேட்டவரிடம் சேரவில்லை. எங்கே சொல்லப்பட்டனவோ அங்கேயே தங்கின.

எடை கூடுவதை முதலில் துணிதான் அறிந்தது. அடுக்கி வைத்த சட்டைகளின்மேல் பூனை படுத்து எழுந்தால், எந்த இஸ்திரியும் தராத கூர்மையான மடிப்பு அவற்றில் விழுந்தது. வழக்குரைஞர் ஒருவர் தம் கழுத்துப்பட்டை இவ்வளவு நேராக நின்றதே இல்லை என்று பாராட்டினார். அம்மாள் அதற்குக் 'கனமடிப்பு' என்று பெயர் வைத்து, வேண்டுவோர்க்குக் கால்பங்கு கூடுதல் கட்டணத்தில் செய்து கொடுத்தார். பூனை காலையில் சட்டைகளின்மேலும் மாலையில் மேசை விரிப்புகளின்மேலும் படுத்தது. பிறகு கல்லாப்பலகை பிளந்தது. அதன் பின் மாடிப்படியில் மூன்றாம் படி ஒடிந்தது. படி ஒடிந்த நாளிலிருந்து பூனை கீழே வருவதை நிறுத்திக்கொண்டு, இஸ்திரி மேசையின் வெப்பம் மேலே வந்து தேங்கும் நடு அறையில் நிலையாகப் படுத்தது.

ஒரு தட்டு இறங்கினால் மறுதட்டு ஏறும். அதே ஆண்டுகளில் வீட்டாரின் எடை குறைந்துவந்தது. மழைக்காலத்துச் சேற்றில் மகள் நடந்தால் தடம் பதியவில்லை. எதிர்க்காற்று வீசும் நாள்களில் தம்பியின் சைக்கிள் முன்னேறாது. அவர் ஏதேனும் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பின்காற்று வீசினால் மிதிக்காமலே வீடு வந்துவிடுவார். தெருமுனைச் செருப்புத் தைப்பவர் ஒருநாள் கடைக்கே வந்து முறையிட்டார்.

"உங்க வீட்டுச் செருப்புக்கு என்ன மந்திரம் போட்டு வெச்சிருக்கீங்கம்மா? அஞ்சு வருஷமா ஒரு தையல் விடலை, ஒரு ஆணி தேயலை. எல்லாரும் உங்களை மாதிரியே நடந்தா என் பொழைப்பு என்ன ஆகிறது?"

"நாங்க காலைத் தேய்ச்சு நடக்கறதில்லை," என்றார் அம்மாள். ஒழுங்காக நடப்பதன் பயன் அது என்றே அவர் கருதினார். 1987 ஜனவரியில், மூட்டைகளை நிறுக்கும் மேடைத் தராசின் மேற்பகுதியைத் துடைப்பதற்காக அதன்மேல் ஏறி நின்றார், முள் அசையவில்லை. தராசு பழுதுபார்ப்பவரை வரவழைத்தார். தராசில் பழுது இல்லை என்று அவர் சொன்னார். அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று அம்மாள் முடிவு செய்தார்.

உண்மை வெளிப்பட்டது பிப்ரவரி இருபத்தைந்தாம் நாள் புதன்கிழமை. மகளுக்கு வேறொரு நகரத்தில், கண்ணாடிக் குப்பிகள் செய்யும் ஆலையில், குப்பிகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கீறல் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. மார்ச் இரண்டாம் நாள் அவள் புறப்பட வேண்டும். அவள் மேலே பெட்டி கட்டிக்கொண்டே பூனைக்கு அறிவுரைகள் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே தம்பி முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தற்செயலாக நிமிர்ந்தவர், ஆய்வாளர் நிறுத்திய கழியின் நுனியில் இருந்த இடைவெளி, மேலே கேட்ட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு நூலளவு குறைவதைக் கண்டார்.

"யாருடி மேலே பூனையைக் கொஞ்சறது? மச்சான் தலைமேல இறங்கப் போகுது, வாயை மூடு."

"கொஞ்சலை மாமா. மருந்தை ஒழுங்கா சாப்பிடச் சொன்னேன், அவ்ளோதான்."

"யாரை? பூனையையா?"

மேலே பெட்டியின் மூடி சாத்தப்படும் ஒலி கேட்டது. பிறகு அவள் படியோரம் வந்து நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, "உங்களைத்தான். நான் போனப்புறம் யாரு ஞாபகப்படுத்துவா? மறந்துடாதீங்க," என்றாள்.

தம்பி உட்கார்ந்திருந்த முக்காலி முனகியது. அது அவரைத் தாங்கி ஒருநாளும் முனகியதில்லை. இடைவெளி ஒரு நெல்மணி அகலத்துக்கு விரிந்தது. அவர் தேநீரை வைத்துவிட்டு எழுந்தார். எழும்போது முழங்காலில் தம் எடையை உணர்ந்தார். அது அவருக்கு மறந்துபோன உணர்வாக இருந்தது.

வியாழக்கிழமை இரவு உணவின்போது அவர் கண்டதை எடுத்துரைத்தார். பூனையிடம் சொன்னவற்றை உரியவரிடமே சொல்லிவிட்டால் பூனை தானாக இறங்கி வந்துவிடும். பலகையை அறுக்க வேண்டியதில்லை. கடையையும் மூட வேண்டியதில்லை. அம்மாள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இஸ்திரி சூடா இருக்கு," என்றார். விதி அவ்வாறு இருக்கையில் அதற்கு மேல் வாதத்துக்கு இடமில்லை. அப்போது கணவர் எழுந்து, கை கழுவிக்கொண்டு கீழே போனார். கொதிகலனின் வாய் மூடப்படும் ஒலி கேட்டது. பதினெட்டு ஆண்டுகளில் அவ்வொலி அந்த வீட்டில் கேட்டதில்லை. கணவர் திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பாட்டைத் தொடர்ந்தார். விதி மீறப்படவில்லை, அதன் நிபந்தனை நீக்கப்பட்டிருந்தது, அவ்வளவே.

வெள்ளிக்கிழமை கடை திறக்கவில்லை. வாடிக்கையாளர்கள் வந்து, கதவைத் தட்டி, யாருக்கோ உடல்நலமில்லை போலும் என்று எண்ணிச் சென்றனர். நண்பகலுக்குள் இஸ்திரிப்பெட்டி கையால் தொட்டுப்பார்க்கும் அளவுக்கு ஆறியது. அம்மாள் தொட்டுப் பார்த்தார். சுண்ணாம்பு வட்டத்துக்கு வெளியே நான்கு நாற்காலிகள் போடப்பட்டன. அவை ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்று அம்மாள் சொன்னார்; வரிசையில் உட்கார்ந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது என்று மகள் சொன்னாள்; அதனால்தான் என்றார் அம்மாள். பிறகு வேலை தொடங்கியது. தொடக்கத்தில் அது பல் பிடுங்குவது போலத்தான் இருந்தது. தம்பி நெடுநேரம் தொண்டையைச் செருமிவிட்டுத் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அக்கா, நீ இல்லைன்னா நான் தெருவுலதான் நின்னிருப்பேன்."

"இப்பவும் பாதி நாள் தெருவுலதான் நிக்கற," என்றார் அம்மாள். ஆயினும் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி கிறீச்சிட்டது.

அதன் பின் எளிதாயிற்று. கணவருக்கு எல்லாம் வரிசையாக நினைவிருந்தது. பேசாமல் இருப்பவர்கள் எதையும் மறப்பதில்லை. மகளின் ஏழாம் வயதுக் காய்ச்சலிலிருந்து தொடங்கினார்; அதைப் பூனை வந்த புதிதில் ஒரு மாலை நினைத்துச் சொல்லியிருந்தார். "நீ ஊருக்குப் போறது எனக்குப் பிடிக்கலைம்மா," என்றார் கடைசியில். "ஆனா போ. எனக்காகப் போகாம இருந்தா அது இன்னும் பிடிக்காது." மகளின் செருப்புக்கடியில் இருந்த தரை ஓடு கீறல் விட்டது. அம்மாளிடம் அவர் கால்வீக்கத்தைப் பற்றித்தான் பேசினார். ஒன்பது ஆண்டுகளின் மாலை நேரங்கள் அவை. சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. அம்மாள் நேராக உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, மூட்டை எண்ணிக்கை கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டார். தம் எலும்புகளுக்குள் ஈரத்துணியின் கனம் போன்ற ஒன்று சிறிது சிறிதாக இறங்குவதை அவர் உணர்ந்தார். அது துன்பமாக இல்லை. கப்பலிலிருந்து இறங்கித் தரையில் கால் வைத்தவருக்கு அப்படி இருக்கக்கூடும் என்று நினைத்தார். அவர் கப்பலில் ஏறியதில்லை.

மாலை நான்கு மணியளவில் மூவரிடமும் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. கழியின் நுனியில் இப்போது நான்கு விரல் இடைவெளி இருந்தது. ஆனால் விட்டம் முழுதாக நிமிரவில்லை. மேலே போய்ப் பார்த்த தம்பி, பூனையை அசைக்கவே முடியவில்லை என்றார். ஒரு பீரோவின் எடையாவது பாக்கி. மறுநாள் காலை ஆய்வாளர் வந்துவிடுவார். மூவரும் அம்மாளைப் பார்த்தனர்.

"என்னை என்ன பாக்கறீங்க? நான் அதுகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை."

அது உண்மை. அம்மாள் பொய் சொல்வதில்லை. பூனையோடு பேசுவது மூளை குழம்பியவர்களின் வேலை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"பேசலைம்மா," என்றாள் மகள். "ஆனா தினமும் கடை சாத்திட்டு மாடிக்கு வந்ததும் அது முதுகைத் தடவுவியே."

"தடவலை. பஞ்சு எடுத்தேன்."

"தினமுமா?"

"தினமும் ஒட்டும்."

"மூணு தடவை, மூணு தடவை எடுப்பே. எண்ணியிருக்கேன்."

அம்மாள் தம் உள்ளங்கையைப் பார்த்தார். அவர் கொள்கையுடையவர், தம் கை செய்வதைத் தாம் அறியாதவர் போல நடிப்பது அவர் கொள்கைக்கு ஒவ்வாது. ஒன்பது ஆண்டுகளாக, ஒவ்வொரு மாலையும், பூனையின் கழுத்திலிருந்து வால் வரை அவருடைய உள்ளங்கை மும்முறை சென்றது. முதலாவது கணவருக்கு. இரண்டாவது மகளுக்கு. மூன்றாவது தம்பிக்கு. வரிசை ஒருநாளும் மாறியதில்லை. வரிசையில் அவர் தவறுவதில்லை. அப்படி ஒரு வரிசை இருந்தது என்பதை அன்று, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான், அவர் தமக்கே ஒப்புக்கொண்டார். எழுந்து கணவரின் முன் போய் நின்றார்.

"திரும்பி நில்லுங்க."

"எதுக்கு?"

"சட்டையில பஞ்சு."

கணவர் திரும்பினார். அம்மாள், தேய்த்து முடித்த மேலங்கி ஒன்றைச் சரிபார்ப்பது போல, கழுத்துப்பட்டையில் கை வைத்துக் கீழ்விளிம்பு வரை ஒரே இழுப்பாகத் தடவினார். மாடியில் மரம் முனகியது. ஒரு முறையில் தீரக்கூடியது அன்று அது. மீண்டும் கழுத்துப்பட்டையில் தொடங்கினார். கணவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். அவருடைய தோள்கள் முதலில் விறைத்திருந்து, பிறகு தளர்ந்தன. அவருடைய கால்கள் தரையில் அகன்று ஊன்றிக்கொண்டன. அடுத்து மகள். அவள் பாதியில் அழத் தொடங்கினாள். அழுதால் துணி சுருங்கும் என்று அம்மாள் அவளை நேராக நிற்கச் சொன்னார். ஆனால் கையை நிறுத்தவில்லை. கடைசியாகத் தம்பி.

"அக்கா, இது புதுச் சட்டை. பஞ்சே கிடையாது."

"பேசாம நில்லுடா."

தம்பி பேசாமல் நின்றார். நாற்பது வயதில் முதன்முறையாக அவர் அக்காள் சொன்னதை ஒரே முறையில் கேட்டார் என்று மகள் பிற்பாடு சொன்னாள்.

சூரியன் மறைவதற்குச் சற்று முன்பு, விட்டத்திலிருந்து பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு உதிர்ந்தது, விட்டம் நேராயிற்று. மாடியில் பூனை எழுந்து சோம்பல் முறிக்கும் ஒலி கேட்டது. பிறகு அது ஒடிந்த மூன்றாம் படியைத் தாண்டிக் குதித்துக் கீழே வந்து, நால்வரையும் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேடைத் தராசின்மேல் ஏறி உட்கார்ந்தது. முள் நகர்ந்து நின்றது. பூனைகளுக்கு உரிய எடையில் அது நிற்கவில்லை. ஈரத்துணி நிறைந்த ஒரு வாளியின் எடையில் நின்றது.

"இன்னும் யாரோ பாக்கி வெச்சிருக்கீங்க," என்றார் தம்பி.

அம்மாளுக்கு அது எது என்று தெரிந்திருந்தது. மூன்று முறை தடவிய பின், கையை எடுப்பதற்கு முன், அவருடைய இரண்டு விரல்கள் பூனையின் காதுகளுக்கு நடுவே சற்று நேரம் நின்றிருக்கும். அதை அவர் வேறு யாருக்காகவும் செய்ததில்லை.

"அது பாக்கி இல்லை," என்றார். "அது பூனையோடது. இருக்கட்டும்."

பிப்ரவரி இருபத்தெட்டாம் நாள் காலை ஆய்வாளர் மணல் மூட்டைகளோடும் ரம்பக்காரரோடும் வந்தார். விட்டத்தை இருமுறை அளந்தார். பூனையை எப்படி இறக்கினீர்கள் என்று கேட்டார். தானாக இறங்கிற்று என்று அம்மாள் சொன்னார். கல்லாவின்மேல் இருந்த பூனையை ஆய்வாளர் ஒரு கையால் தூக்கப் பார்த்து, பிறகு இரு கைகளாலும் தூக்கி, "கொஞ்சம் கனம்தான்," என்று சொல்லிக் கீழே வைத்தார். உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, முன்னெச்சரிக்கையாக விட்டத்தின் நடுவே ஒரு தூண் கொடுக்குமாறு சொல்லிச் சென்றார். மணல் மூட்டைகளை அவர் திரும்ப எடுத்துச் செல்லவில்லை. அவை இன்னும் பின்கட்டில் கிடக்கின்றன.

திங்கட்கிழமை மகள் புறப்பட்டாள். அவள் ஏறியபோது பேருந்து அந்தப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்தது. பெட்டியில் என்ன என்று நடத்துநர் கேட்டார், துணிதான் என்றாள். ஏப்ரல் மாதத்தில் அம்மாளும் கணவரும் தம்பியும் தேய்ந்த செருப்புகளைத் தெருமுனைக்குக் கொண்டுபோயினர். செருப்புத் தைப்பவர் காரணம் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

விதியை நீக்குவதா என்ற கேள்வி எழுந்தபோது, நீக்க வேண்டியதில்லை என்று அம்மாள் தீர்மானித்தார். விதி சரியானதே, கருகிய உடை கருகியதுதான். இஸ்திரிப்பெட்டியைத் துணியிலிருந்து எடுத்து, தாங்கியின்மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு, சொல்ல வேண்டியதை உரியவரிடம் சொல்லலாம் என்று மட்டும் அதனோடு சேர்த்துக்கொள்ளப்பட்டது. திருத்தம் நடைமுறைக்கு வந்தது மார்ச் மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. அன்று முற்பகலில் கணவர் இஸ்திரிப்பெட்டியைத் தாங்கியின்மேல் நிமிர்த்தி வைத்தார். எதிரே ஆவிக்கு நடுவே நின்று அம்மாள் ஒரு விரிப்பை உதறிக்கொண்டிருந்தார்.

"இந்த ஆவிக்குள்ள உன்னைப் பாக்கறப்ப எனக்கு எதுக்குமே அவசரம் இல்லைன்னு தோணும்," என்றார் கணவர். "அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்."

அம்மாள் அலமாரியைப் பார்த்தார். "அவசரம்னு சீட்டு ஒட்டினது ஏழு மூட்டை இருக்கு," என்றார். சொல்லிவிட்டு, முக்காலியைக் காலால் இழுத்துப்போட்டு, வேலை நேரத்தில் முதன்முறையாக உட்கார்ந்தார். கணவர் இஸ்திரிப்பெட்டியை எடுத்து வேலையைத் தொடர்ந்தார்.

தூண் கொடுக்கப்பட்டது. ஒடிந்த படி மாற்றப்பட்டது. பூனையின் மிச்ச எடையை யாரும் குறைப்பதில்லை என்றும், கழுத்துப்பட்டைகளுக்கு அது போதுமானது என்பதால் கனமடிப்பு பழைய கட்டணத்திலேயே தொடரும் என்றும் முடிவு செய்யப்பட்டது.